அவர் வண்டியில் மணிமங்கலத்துக்கு

மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலையில் வேலை என்று சொன்னால், ஊரில் எல்லோரும் நான் தினமும் புது வண்டிகளுக்கு நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்து சேர்வதற்குச் சக்கரம் இருக்காது. எஞ்சின், டாங்க், சீட், விளக்கு எதுவும் இருக்காது. வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்கள் மட்டும், வர்ணம்கூடப் பூசாமல், தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். அதுதான் பிரேம். வண்டியின் எலும்புக்கூடு. ஒவ்வொன்றாக இறக்கி, அளவு பார்க்கும் மேடையில் பொருத்தி, பற்றவைத்த இடங்கள் சரியாக இருக்கின்றனவா, ஹேண்டில்பார் வந்து உட்காரும் கழுத்து கோணாமல் இருக்கிறதா என்று பார்த்து, 'ஓகே' என்றோ 'நாட் ஓகே' என்றோ சொல்ல வேண்டும். சில நாட்களில் ஷிப்ட் முழுக்க நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு, என்னைப் போன்ற ஒரு கூட்டம் பெண்களோடு ஒரகடத்துக்கு வந்தேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பயிற்சிக் காலம் முடிந்ததும் பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டார்கள். சிலருக்குக் கல்யாணமானது. சிலர் மறைமலை நகர் பக்கம் வேறு கம்பெனிக்குப் போனார்கள். என்னை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கோயிலுக்குப் போய்வந்தாள். நான் அன்று காலியாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருந்தேன்.

புதிதாக வந்த பெண்களோடு என்னால் ஒட்ட முடியவில்லை. அவர்கள் என்னை மேடம் என்றார்கள். கொஞ்ச நாளில் ஹாஸ்டலை விட்டு, ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமத்தில் மாடி அறை ஒன்றுக்கு மாறினேன். ஒரு கட்டில், ஒரு கரண்ட் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் மைதானம். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். வேலைக்குப் போய், வந்து, துவைத்து, தூங்கி, மறுபடி போவேன். ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டம். ஞாயிறு சாயங்காலம் ஆனதும் திங்கட்கிழமை வந்தால் போதும் என்று இருக்கும்.

கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர்களுடைய நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. ஒரே மகன் ஓசூரில் வேலை பார்த்தான். நான் குடிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அக்காவின் கணவர் மாரடைப்பில் இறந்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடி அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. தண்ணீர் வந்ததா, மோட்டார் போடட்டுமா, அவ்வளவுதான். அவர் கீழே டி.வி. பார்ப்பது எனக்கு மேலே கேட்கும். அந்தச் சத்தம் எனக்குத் துணையாக இருந்தது என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து தார்ப்பாயை விலக்கி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ வண்டி கம்பெனியிலதான கீற?"

"ஆமாக்கா."

"ஸ்கூட்டர்ல முன்னாடி காலு வெக்க எடம் கீது. பொடவையோட ஏறி ஒக்காரலாம். இதுல மட்டும் ஏன் நடுவால அடைச்சிகினு கீது? அந்தப் பைப்ப அறுத்துக் கீழ எறக்கிட முடியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

"அறுத்தா வண்டி ரெண்டா மடிஞ்சிரும்க்கா. அதுதான் இதுக்கு முதுகெலும்பு."

"அப்ப ஸ்கூட்டருக்கு முதுகெலும்பு கெடையாதா?"

நான் சோப்புக் கையை உதறிவிட்டு, துவைக்கிற கல்லின் மேல் ஈர விரலால் படம் போட்டேன். ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் கழுத்திலிருந்து இறங்கும் குழாய் தாழ்ந்து, காலடியில் ஓடி, பின்னால் போய் மறுபடி மேலே ஏறும். எஞ்சின் வழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் முதுகெலும்பு அதற்கு மேலாகத்தான் போயாக வேண்டும்.

"ஒண்ணுக்கு எலும்பு மேல. இன்னொண்ணுக்குக் கீழ," என்றார் அக்கா. "எல்லா மோட்டார் சைக்கிளும் இப்டித்தானா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஹாஸ்டல் காலத்தில் கேட்கத் தேவை இருக்கவில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் சொன்னால் சாப்பிட்டாயா என்பாள். நான் கல்லைத் துடைத்துத் துடைத்துப் படம் போட்டேன். ஒரே தடித்த முதுகெலும்பில், கொடியில் துணியைப் போட்டதுபோல, எஞ்சினைத் தொங்கவிடும் வகை ஒன்று. கழுத்திலிருந்து ஒரு குழாயோ இரண்டு குழாயோ எஞ்சினுக்கு முன்னால் இறங்கி, அடியில் போய், பின்னால் ஏறி, எஞ்சினைத் தொட்டிலில் கிடத்தியதுபோல வைத்துக்கொள்ளும் வகை ஒன்று. ஜன்னல் கிராதி மாதிரி சின்னச் சின்னக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தது ஒன்று. வேகமாகப் போகும் வண்டிகளில், கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் கனமான பட்டைகள் போய், அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடிப்பதுபோல எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும்.

"இது எந்த சாதி?" என்று வண்டியைக் காட்டினார்.

"இதுக்கு டைமண்ட்னு பேருக்கா. பாருங்க, முன்னால இறங்குற குழாய் பாதியில நின்னுருது. அடியில ஒண்ணுமில்ல. அந்த இடத்துல எஞ்சினயே போல்ட்டு போட்டு முடுக்கிருவாங்க. விட்டுப்போன குழாய்க்குப் பதிலா எஞ்சின்தான் நிக்குது. எஞ்சினயும் சேத்தாத்தான் பிரேம் முழுசாகும்."

அக்கா குனிந்து, தலையைச் சாய்த்து, எஞ்சினுக்கு அடியில் பார்த்தார்.

"இத்தினி வருஷம் பின்னாடி ஒக்காந்துகினு போனதோட சரி. உள்ள இன்னா கீதுன்னு இப்பதான் பாக்கறேன்," என்றார். பிறகு, "இத நான் ஓட்டணும்," என்றார்.

ஸ்கூட்டர் வாங்கிக்கொடுப்பதாக மகன் சொல்லியிருந்தான். இவருக்கு அது வேண்டாம். இந்த வண்டிதான் வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. இறந்துபோன கணவரின் வண்டி, விட மனமில்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் அவர் வீட்டில் எனக்குச் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் வண்டியை இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டிலிருந்த ஒரு மெக்கானிக் கடைக்குப் போனோம். நின்றே கிடந்ததால் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதை இறக்கி வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். எஞ்சின் இல்லாத பிரேமைக் கண்டதும் என் கை பழக்கத்தில் தானாகப் போனது. கந்தல் துணியால் எண்ணெயையும் மண்ணையும் துடைத்துக்கொண்டே வந்தேன். முன்குழாய் முடிகிற இடத்தில், எஞ்சினைத் தாங்கும் தகடு பற்றவைக்கப்பட்டிருந்த ஓரத்தில், துரு ஏறிய மெல்லிய கோடு ஒன்று இருந்தது. நகத்தால் கீறினேன். கோடு அழியவில்லை. விரிசல்தான்.

திரும்பி வந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவரும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"முன் போல்ட்டு லூசாவே ஓட்டிகினு இருந்திருக்காரு மேடம். எஞ்சின் ஆடி ஆடி இங்க வாங்கிடுச்சு. ஒரு டச் வெச்சா சரியாப் போயிடும்."

"மேலால பத்த வச்சா மறுபடி அதே இடத்துல விடும்ண்ணே. விரிசல் முழுக்க அரைச்சு எடுத்துட்டு, நிரப்பி, பக்கத்துல தகடு ஒண்ணு சேத்து வைக்கணும். அதுவரைக்கும் இத ஓட்டக் கூடாது."

அவர் மறுக்கவில்லை. அந்த வேலைக்குத் தன்னிடம் மிஷின் இல்லை, வெளியே கொடுத்துச் செய்ய நாளாகும் என்றார். அக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ஓட்டக் கூடாது.

"நீயும் என் புள்ள மாதிரியே பேசற," என்றார். அப்படியே ரோட்டில் இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வந்தால் குரல் கொடுக்காமல் மோட்டாரைப் போட்டார். டி.வி. சத்தமும் கேட்கவில்லை. அதற்கு முன்பும் நாங்கள் பேசாமல்தான் இருந்தோம், அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. இப்போது படியிறங்கும்போதெல்லாம் அவர் வீட்டுக் கதவைப் பார்த்தேன். வேலையில் ஒரு பிரேமை இரண்டு தடவை அளந்து சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். நான் சொன்னது சரிதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லையோ என்று ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவரிடம் பேசவேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் எல்லாம் போய்விடும்.

கடைசியில் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டி, "ஒரே ஒரு தடவ என்கூட கடைக்கு வாங்கக்கா. பாத்துட்டு என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க," என்றேன். வந்தார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்தேன். மெதுவாக இழுத்துப் பார்த்தார். விரல் தட்டுகிற இடம் அவருக்கே தெரிந்தது.

"இது இருக்கறப்பவே நாங்க ரெண்டு பேரும் இதுல போயிகினு இருந்தோமா?"

"அப்படித்தான் இருக்கும்க்கா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது. மண்ணும் எண்ணெயும் மூடியிருந்துச்சே."

கவிழ்த்து வைத்திருந்த ஒரு டின்னின் மேல் உட்கார்ந்தார். மெக்கானிக் உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு தங்கை. மணிமங்கலத்தில் இருக்கிறார். வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில், தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர். அக்காவின் கணவர் அன்றைக்குத் தெருவில் நின்று, "என் வண்டிச் சக்கரம் அந்த ஊருக்குள்ள போவாது, என் வூட்டு ஆளும் போவாது," என்று சொல்லியிருக்கிறார். அத்தோடு சரி. படப்பை சந்தைக்கு இதே வண்டியில் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள். மணிமங்கலம் ரோடு பிரிகிற இடத்தில் அக்கா அந்தப் பக்கம் பார்ப்பார். வண்டி நேராகப் போய்விடும். கணவர் இறந்த அன்று தங்கை வந்தாராம். தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம்.

"பஸ்ல போலாம். ஆட்டோவுல போலாம். எம் புள்ள வேணான்றான், அப்பா சொன்னது சொன்னதுதான்றான். நான் ஒளிஞ்சிகினு போ மாட்டேன். அவர் வண்டியிலயே போணும். நானே ஓட்டிகினு போணும்."

அழவில்லை. கணக்குத் தீர்க்கிற குரலும் இல்லை. என்றோ முடிவுசெய்துவிட்ட விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் கணவரின் நினைவுக்காக வண்டியை வைத்திருப்பதாக நான் நினைத்ததை எண்ணி எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை மாதம் மேலேயே இருந்தும் கீழே இருக்கும் மனுஷியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

விரிசலைச் சரிசெய்ய நாளானது. இருங்காட்டுக்கோட்டையில் பற்றவைப்பு வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு மெக்கானிக் பிரேமை எடுத்துப் போனார். நான் கேட்டபடியே அரைத்து, நிரப்பி, தகடு சேர்த்துக் கொண்டுவந்தார். வேலை சுத்தமாக இருந்தது. எஞ்சினை ஏற்றி, முன் போல்ட்டுக்குப் புது நட்டு போட்டு முடுக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று, "இன்னும் முடுக்கு, இன்னும் முடுக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் முடுக்கினால் மரை போய்விடும் என்று மெக்கானிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

தொழிற்பேட்டையின் உட்பக்கத்தில் கம்பெனி இன்னும் வராத மனைகள் நிறைய உண்டு. அகலமான ரோடு போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வளர்ந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடுகளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். முதல் நாள் மெக்கானிக் வந்து கிளட்ச்சையும் கியரையும் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்களே. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், அக்கா சின்ன வயதில் மொபெட் ஓட்டியிருந்தார். அந்தத் தெம்புதான். என்னுடைய பழைய சுடிதார் ஒன்றை இடுப்பில் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். முதல் முறை காலைத் தூக்கி டாங்குக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒரு மாடு பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி துள்ளித் துள்ளி நின்றது. ஒரு தடவை நேராகப் புதருக்குள் போய்விட்டார். முழங்கையில் முள் கிழித்திருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியதும், "வண்டிய பாரு, வண்டிய பாரு," என்றார். நான் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, "இதுதான் எங்க கழனி," என்றார். "தோ, அந்தக் கம்பம் வரைக்கும்."

"கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"களை பறிச்சிப் பறிச்சி முதுகே போச்சு. ரோடா கீறதே மேலு," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் நன்றாகப் பேசினேன், நன்றாகச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை வரவேண்டுமே என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "போலாமா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சுடிதார் வேண்டாமென்று விட்டுவிட்டு, மகன் விட்டுப்போன பேண்ட்டைப் போட்டு, மேலே நீளமான சட்டை அணிந்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்தது. அவர் முதுகு விறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. வண்டி ஆடவில்லை. படப்பையில் வேகத்தைக் குறைத்தார். இண்டிகேட்டர் போட்டதோடு, பழக்கமில்லாததால் கையையும் நீட்டி, மணிமங்கலம் ரோட்டில் திரும்பினார். ஏரிக்கரைக் காற்றில் அவர் முந்தானை இல்லாத தோளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

தங்கையின் வீடு கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் சின்ன டிபன் கடை. காலை வியாபாரம் முடிந்து, இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, ஆளைப் பார்க்காமல் முதலில் வண்டியைப் பார்த்தார்.

"இது மாமா வண்டியாச்சே," என்றார்.

"ஆமா," என்றார் அக்கா. எஞ்சினை நிறுத்தக்கூட இல்லை.

"யாரு ஓட்டிகினு வந்தது?"

"நான்தான்."

தங்கை ஈரக் கையோடு எழுந்து வந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையைத் தன் கையால் மூடிக்கொண்டார். "வண்டிய நிறுத்துக்கா, பெட்ரோல் தீந்துடும்," என்றார். அப்போதுதான் அக்கா அழுதார். எஞ்சினை நான்தான் எக்கி அணைத்தேன்.

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தோசை ஊற்றிக் கொடுத்தார்கள். தங்கையின் கணவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட அந்தப் பேச்சில் வரவில்லை. யாரோ இறந்தது, யாருக்கோ பிள்ளை பிறந்தது, யார் வீட்டுத் தென்னை விழுந்தது என்று விட்டுப்போன வருஷங்களை எல்லாம் ஒரே மூச்சில் பேசினார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான் வாசலுக்கு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறி சீட் சுட்டது. வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்தினேன். அவர்களுக்காக எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, யாராவது என்னைத் தேடி வெளியே வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள், அவர்களுக்கு அவ்வளவு பேச்சு பாக்கி இருந்தது.

செய்தி மகனுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. அன்று ராத்திரியே போன் வந்தது. கீழேயிருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "போனேன். ஆமா, அப்பா வண்டியிலதான். நாந்தான் ஓட்டினேன். இன்னா பண்ணணும்ன்ற இப்ப?" மகன் மூன்று மாதம் பேசாமல் இருந்தான். தீபாவளிக்கு வந்தான். வந்தவன் வண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். அதுதான் அவனுடைய சமாதானம் என்று அக்கா சொன்னார்.

அதற்குள் அக்கா வாரா வாரம் மணிமங்கலம் போக ஆரம்பித்திருந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். என்னையும் கூப்பிடுவார். ஒன்றிரண்டு முறை போனேன். பிறகு ஓவர்டைம் இருக்கிறது என்றேன், சில சமயம் இருந்தது, சில சமயம் இல்லை. பிறகு டிபன் கடையில் காலை வேலைக்கு ஆள் இல்லையென்று சனிக்கிழமையே போய்த் தங்கினார். தைக்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டார். மாவு அரைக்க, சட்னி அரைக்க, படப்பை மார்க்கெட்டுக்கு வண்டியில் போய்க் காய் வாங்கிவர என்று அங்கே அவருக்கு வேலை இருந்தது. இங்கே அவருக்கு ஒன்றுமில்லை. அதை என்னைவிட நன்றாக யார் அறிவார்கள்?

கடைசியாகச் சாமான் எடுக்க வந்தபோது, "நீயும் வந்துடேன். அங்க ஒரு ரூம்பு சும்மாதான் கீது," என்றார்.

"கம்பெனி பஸ் அங்க வராதேக்கா. மொத ஷிப்டுக்கு எப்படி வருவேன்?"

அவர் யோசித்தார். வேறு வழி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அதுவும் சரிதான்," என்றார். நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸியை மூட்டையாகக் கட்டிப் பின் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கொடுத்தேன். தெரு திரும்பும்வரை எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது. வீட்டுச் சாவிக் கொத்தில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் அக்கா போன் செய்தார். பின்னால் தோசைக்கல்லில் கரண்டி தட்டும் ஓசையும் யாரோ வடை கேட்பதும் கேட்டன.

"இன்னாமா, கொரலு ஒரு மாதிரி கீது?"

"தூங்கிட்டு இருந்தேன்க்கா. நைட் ஷிப்டு."

"சாப்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

சொல்லியிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு கடை நிறைய ஆட்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். அதற்கு நடுவிலிருந்து என் காய்ச்சலுக்காக அவரைக் கிளப்ப எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து, ரசம் வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்த வாரக் கடைசியில் கீழ் வீட்டுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். ராமநாதபுரத்துப் பையன்கள், பக்கத்து டயர் கம்பெனியில் வேலை. அக்கா போனில் பேசி முடித்து அனுப்பியிருந்தார். சாயங்காலம் ஒருவன் படியேறி வந்து, கதவுக்கு ஒதுங்கி நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, தண்ணி மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியலக்கா. நீங்கதான் வீட்டுக்காரவங்களா?"

"இல்லப்பா. நானும் வாடகைக்குத்தான் இருக்கேன்."

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே அவர்களுடைய செருப்புகள் சிதறிக் கிடந்தன. சுவிட்ச் பெட்டியைத் திறந்து, எதை முதலில் போடவேண்டும், தொட்டி நிறைந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் வழியும் என்று காட்டினேன். மூன்று பேர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன் நன்றி சொன்னான். பிறகு அவர்கள் உள்ளே போய்ச் சமையலைப் பற்றித் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கிட்டத்துப் பேச்சு. தொட்டி நிறையும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறைந்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு மேலே போனேன்.